கோடை, கொடை, கானல் - ஒரு பழமைவாதியின் புலம்பல்

ஊர் சுற்றுகிறவனுக்குப் பழம் கிடைக்காது. பழனியின் முதல் பாடமே அதுதான். மயிலேறி உலகம் பூரா ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்த தம்பிக்கு ஒண்ணுமில்லை. உட்கார்ந்த இடத்தில் அப்பா அம்மாவைச் சுற்றி வந்த அண்ணனுக்கு ஞானப்பழம். கோச்சுக்கிட்டு வந்து மலைமேல் நின்னவரைப் பார்த்து 'பழம் நீ'ன்னு சொன்னதால பழனி ஆச்சுன்னு எங்க பாட்டி சொல்லும். (பொதினிதான் பழனி ஆச்சுன்னு தமிழ் வாத்தியார் சொல்வார். வாத்தியார் சொல்றது சரியா இருக்கலாம், பாட்டி சொல்றதுல ருசி ஜாஸ்தி.) மாசத்துல பதினைஞ்சு நாள் பஸ்ஸிலும் ரயிலிலும் கழிக்கிற எனக்கு இந்தக் கதை மேல ஒரு தனிப்பட்ட கடுப்பு உண்டு. மோட்டார் பம்ப் விற்க ஊர் ஊரா அலையறவனுக்கு லாட்ஜ் சாவியும் அல்சரும்தான் பழம்.

நிற்க. இது பயணப் பதிவு மாதிரி ஆரம்பிச்சாலும் சண்டைப் பதிவு. சண்டை தோழர்களோட இல்லை. (அவங்களுக்கும் நடுவுல ரெண்டு வரி இருக்கு, கவலை வேண்டாம்.) சண்டை நம்ம ஆட்களோட. அதாவது என்னை மாதிரியே தன்னைப் பழமைவாதி, வலதுசாரி, சுதந்திரச் சந்தை, சனாதனம், ராஜாஜி ரசிகன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற நண்பர்களோட.

2025 மே மாதம் ஒரு சனிக்கிழமை. பழனியில் வேலை முடிஞ்சது. கூட வந்த மூணு நண்பர்களும் 'இவ்ளோ தூரம் வந்துட்டு மேல போகாம இருந்தா எப்படி' என்று ஆரம்பித்தார்கள். சரி, கிளம்பியாச்சு. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு 64 கிலோமீட்டர். வத்தலக்குண்டு வழியைவிட எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். ஏற ஏறக் கீழே வரதமாநதி அணை சின்னதாகிக்கொண்டே போகும், பழனி மலை ஒரு கூழாங்கல் மாதிரி தெரியும். பெருமாள்மலை வரைக்கும் சொர்க்கம். பெருமாள்மலையில் வத்தலக்குண்டு ரோடு வந்து சேரும் இடத்தில் சொர்க்கவாசல் சாத்தியாச்சு. அங்கிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்ட ரெண்டே முக்கால் மணி நேரம். நடந்தே போயிருந்தால் அதற்குள் ஊருக்குள் போய் டீ குடிச்சிருக்கலாம்.

வண்டிக்குள் சும்மா இருக்க முடியுமா? இ-பாஸ் பற்றிப் பேச்சு வந்தது. முன்சீட்டு நண்பர் பொரிந்து தள்ளினார். "யோவ், சொந்த நாட்டுல சொந்தக் காசுல சொந்த வண்டில மலைக்குப் போறதுக்கு கவர்மெண்ட்டுகிட்ட பாஸ் வாங்கணுமா? இதுதான்யா பர்மிட் ராஜ். ராஜாஜி மட்டும் இருந்திருந்தா..." பின்சீட்டில் இருந்து ஆமோதிப்பு. "எல்லாம் இந்த என்.ஜி.ஓ. கோஷ்டி பண்றது. சுற்றுச்சூழல்னாலே லெஃப்ட்டுதான்." இன்னொருத்தர், "இ-பாஸ் இல்லைய்யா, ஈ-பாஸ். நாமதான் ஈ, ஓட்டறாங்க."

சிலேடைக்கு மட்டும் நானும் சிரித்தேன். மத்ததுக்கு அன்னிக்கு பதில் சொல்லலை. பசி. இப்போ சொல்றேன்.

முதலில் ராஜாஜி. 'பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். அதை எதிர்க்க 1959-ல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சியே ஆரம்பித்தார். 1952-ல் சென்னை மாகாண முதல்வரானதும் உணவுக் கட்டுப்பாட்டைத் தூக்கி எறிந்தவரும் அவரே. இதெல்லாம் நம்ம ஆட்கள் மனப்பாடமா சொல்வாங்க. ஆனா அதே ராஜாஜிதான் 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். அந்த வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். சொந்தக் காசுல சொந்த வாயில குடிக்கிறவனைப் பார்த்து 'கூடாது' என்று சொன்ன மனுஷன், சொந்த வண்டியில் மலைக்குப் போறவனை 'வரிசையில வா' என்று சொல்ல யோசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் எதிர்த்தது கட்டுப்பாட்டை இல்லை. வியாபாரத்தில் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று அமைச்சரும் அதிகாரியும் மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து தீர்மானிப்பதை எதிர்த்தார். ரெண்டும் வேற வேற. சுவிட்சும் ஷாக்கும் ஒரே கரண்ட்டுதான்னு சொல்ற மாதிரி இருக்கு இவங்க வாதம்.

அடுத்தது, திருப்பதி. வண்டியில் இருந்த மூணு பேரும் வருஷத்துக்கு ரெண்டு தடவை ஏழுமலையானைப் பார்க்கிறவர்கள். அங்கே மூணு மாசம் முன்னாடியே கம்ப்யூட்டர் முன்னாடி விரதம் இருந்து தரிசன டிக்கெட் போடுவார்கள். டோக்கனில் போட்ட நேரத்துக்குப் போய், கூண்டில் உட்கார்ந்து, கொடுத்த உப்புமாவைச் சாப்பிட்டு, திறந்துவிட்டால் ஓடுவார்கள். சபரிமலைக்கும் ஆன்லைனில் வரிசை. அங்கே யாருக்காவது பர்மிட் ராஜ் ஞாபகம் வந்ததா? வராது. ஏன்னா கோயிலுக்கு ஒரு கொள்ளளவு உண்டு, அதுக்கு மேல தள்ளினா ஆள் சாவான் என்பது நமக்குத் தெரியும். மலைக்கு மட்டும் கொள்ளளவு கிடையாதா? முருகன் நிற்கிற மலைக்கு 693 படி இருக்கு, ஒவ்வொரு படியிலும் எத்தனை கால் நிற்கும்னு கணக்கு இருக்கு. அவர் பின்னாடி நிற்கிற மலைத்தொடருக்கு மட்டும் கணக்கு கேட்டால் நாம் கம்யூனிஸ்ட்!

கணக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அப்போ உச்சவரம்பு எதுவும் இல்லை, கேட்டவனுக்கெல்லாம் பாஸ். (எல்லாரும் பாஸ் ஆகிற பரீட்சை.) 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பு போட்டது. உள்ளூர் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் சரக்கு வண்டிக்கும் விலக்கு. வண்டிக்கு நாலு பேர்னு வெச்சாலும் சனிக்கிழமை 24,000 பேர். 2011 கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகராட்சியின் மொத்த மக்கள்தொகை சுமார் 36,500. அதாவது ஊரில் மூணில் ரெண்டு பங்கு அளவுக்கு விருந்தாளி, ஒரே நாளில். உங்க வீட்டுல ஆறு பேர் இருந்தா, வாரா வாரம் சனிக்கிழமை நாலு பேர் வந்து குளிச்சு, சாப்பிட்டு, பாட்டிலைத் தோட்டத்தில் வீசிட்டுப் போறாங்கன்னு வெச்சுக்குங்க. ரெண்டாவது வாரமே வீட்டம்மா பாஸ் சிஸ்டம் கொண்டு வந்துடுவாங்க. :-)

வீட்டம்மா என்றதும் ஞாபகம் வருது. பழமைவாதம் என்பதே வீட்டைப் பற்றிய அரசியல்தான் என்பது என் கட்சி. எட்மண்ட் பர்க் சொன்னதின் சாரம் இவ்வளவுதான்: சமூகம் என்பது இப்போ உயிரோட இருக்கிறவங்க மட்டும் போட்டுக்கிட்ட ஒப்பந்தம் இல்லை, செத்தவங்களும் இனிமே பிறக்கப்போறவங்களும் அதில் பங்காளிகள். ரோஜர் ஸ்க்ரூட்டன் 2012-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார், சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவது பழமைவாதியின் வேலை என்று. அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை 1970-ல் ஆரம்பித்தது யார்? ரிச்சர்ட் நிக்ஸன். அவரையும் நக்ஸல் லிஸ்ட்டில் சேர்த்துடலாமா? (நிக்ஸன், நக்ஸன்... ஒரு எழுத்துதானே.) பூட்டானைப் பாருங்க. ராஜா, மதம், பாரம்பரிய உடை என்று நம்ம ஆட்கள் கனவு காணும் அத்தனையும் உள்ள நாடு. வெளிநாட்டுப் பயணியிடம் ஒரு ராத்திரிக்கு நூறு டாலர் கட்டணம் வாங்கிக்கிட்டுத்தான் உள்ளே விடுறாங்க. இந்தியர்களுக்கும் தினம் 1,200 ரூபாய். அங்கே போய் கியூவில் நின்னு கட்டிட்டு வந்து 'என்ன சுத்தம், என்ன ஒழுக்கம்' என்று புகைப்படம் போடுவது யார்? நாம்தான்.

சரி, கொடைக்கானலுக்கே வருவோம். உண்மையான பர்மிட் ராஜ் எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா அந்த ஊர் வரலாற்றிலேயே பாடம் இருக்கு. 1990-களில் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கு. இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. ரெண்டு மாடிக்கு மேல் கட்டக்கூடாத இடத்தில் அந்த ஓட்டல் ஏழு மாடியாக எழுந்தது. கட்டின பிறகு விதியைத் தளர்த்தி அரசாணை. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது, 1995-ல் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் அங்கேயும் ஓட்டல் தோற்றது. அதன் பிறகு கிரிமினல் வழக்கு. 2000-ஆம் வருஷம் பிப்ரவரி 2 அன்று முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஒரு வருஷ சிறைத் தண்டனை. அன்றைக்கே தருமபுரியில், சுற்றுலா முடிந்து திரும்பிக்கொண்டிருந்த கோவை வேளாண் பல்கலை மாணவிகளின் பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று பெண் பிள்ளைகள் எரிந்து போனார்கள். 2001 டிசம்பரில் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது. அதையும் சொல்லவேண்டியது நியாயம், சொல்லிவிட்டேன்.

அந்தப் பஸ்ஸை நான் மறக்க முடியாததற்குக் காரணம், என் தொழில். வாழ்க்கையில் பாதியை பஸ் ஜன்னலோரம் கழிக்கிறவன் நான். ஒரு மலை ஊரில் யாரோ கட்டின ஐந்து மாடிக்கு, அந்த விவகாரத்தில் சம்பந்தமே இல்லாத ஏதோ ஊரின் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள். சட்டத்தை ஒருத்தருக்காக வளைத்தால் அது எங்கே போய் யார் மேல் அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழமைவாதிக்கு இதைவிட வேற பாடம் வேணுமா? சட்டத்தின் ஆட்சி, சட்டத்தின் ஆட்சி என்று நாம் கத்துவது இதுக்குத்தானே?

பர்மிட் ராஜ் என்பது அதுதான் ஐயா. எல்லாருக்கும் ஒரே வரம்பு, முதலில் கேட்டவனுக்கு முதல் பாஸ் என்பது பர்மிட் ராஜ் இல்லை. எல்லாருக்கும் ரெண்டு மாடி, உனக்கு மட்டும் ஏழு என்பதுதான் பர்மிட் ராஜ். அதுக்கு நம்ம அரசாங்க அகராதியில் அழகான தமிழ்ப் பெயர் உண்டு: வரன்முறைப்படுத்துதல். 1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113ஏ என்று ஒரு பிரிவு நுழைத்தார்கள். விதி மீறிக் கட்டினவன் காசு கட்டினால் மீறல் மீறல் இல்லை. பெயரைப் பாருங்க, வரன், முறை. கட்டடத்துக்கு ஏற்ற வரன் பார்த்து, முறையா சீர் செஞ்சா, கல்யாணம் செல்லும். ஒழுங்கா ரெண்டு மாடியோட நிறுத்தினவன் கன்னிகாதானம் பண்ணின ஏழை அப்பன் மாதிரி வாசல்ல நிக்கணும்.

இப்போ தோழர்களுக்கு வாக்களித்த ரெண்டு வரி. அவங்க கொடைக்கானல்னாலே பாதரசம் பற்றித்தான் பேசுவாங்க. பேசட்டும், பேச வேண்டியதுதான். நியூயார்க் மாநிலத்தில் இருந்த பழைய தெர்மாமீட்டர் ஆலையை 1980-களில் பாண்ட்ஸ் கம்பெனி இங்கே கொண்டுவந்து வைத்தது, பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் குவிந்து கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸும் வெளியே கொண்டுவந்தார்கள், ஆலை மூடியது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு வர 2016 ஆச்சு, பதினைஞ்சு வருஷம். சந்தையை நம்புகிற நாம் இதற்கு முட்டுக்கொடுக்கக் கூடாது. அடுத்தவன் கிணற்றில் குப்பை கொட்டுவது வியாபாரம் இல்லை, திருட்டு.

ஆனா தோழர்களே, புல்வெளியை அழித்தது எந்தக் கார்ப்பரேட்? மேல்பழனி மலை முகடுகளில் சோலைக்காடு பள்ளத்தில் இருக்கும், மேடெல்லாம் புல். இந்தப் புல்லை வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கில் 'தரிசு' என்று எழுதினார்கள். எழுதினதைத் திருத்த யாருக்கும் தோணலை. சுதந்திரம் வந்த பிறகும் அரசாங்கத் திட்டம் போட்டு, தோல் பதனிட வாட்டில், கூழுக்கு யூகலிப்டஸ், அப்புறம் பைன் என்று நட்டுத் தள்ளினார்கள். இன்னிக்கு நாம் செல்ஃபி எடுக்கிற பைன் காடு நட்டது 1900-களின் தொடக்கத்தில், பிரயண்ட் என்ற வன அதிகாரி காலத்தில். வாட்டில் நட்ட இடத்தோட நிற்கலை. அது தானாகப் பரவி மிச்சப் புல்லையும் தின்றது. மேஜை முன்னாடி உட்கார்ந்த ஒருத்தருக்கு, அந்தப் புல் என்ன வேலை செய்யுதுன்னு தெரியாது. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் மாடு மேய்த்தவனுக்குத் தெரியும். புல்லும் சோலையும்தான் மழையைப் பஞ்சு மாதிரி பிடிச்சு வெச்சு வருஷம் முழுக்க ஓடையா விடும். தெரிஞ்சவனைக் கேட்காம தெரியாதவன் போட்ட திட்டம். இதைவிட நல்ல உதாரணம் ஹயக்குக்கே கிடைச்சிருக்காது.

அந்த ஓடைகள் எங்கே போகுது? தெற்கே இறங்கினது வராக நதியும் மஞ்சளாறுமா வைகைக்கு. வடக்கே இறங்கினது வரதமாநதி, பாலாறு, பொருந்தலாறு என்று பழனிப் பக்கம். தைப்பூசத்துக்கு நூறு இருநூறு மைல் காவடி தூக்கி நடந்து வந்து சண்முக நதியில் முழுக்குப் போடறாங்களே, அந்தத் தண்ணீர் மேலிருந்துதான் வரணும். மேலே புல் போய், ஓடையை மறிச்சு ரிசார்ட் வந்து, போர் போட்டு உறிஞ்சி, லாரியில் லாட்ஜுக்கு அடிச்சா, கீழே முருகனோட பக்தன் முழங்கால் தண்ணியில் பாலித்தீன் பைக்கு நடுவுல தலைமுழுகணும். கோயிலைக் காப்போம் என்று மேடை போடுகிற நண்பர்களே, கோயில்னா கோபுரம் மட்டும்தானா? தீர்த்தம் சேர்த்தி இல்லையா? மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூணும் சொல்லித்தானே நம்ம தாத்தா கும்பிட்டார்.

இன்னொரு கூத்து. கடையெழு வள்ளல்களில் ஒருவன் பேகன், இந்த மலைக்காரன்தான். மயிலுக்குக் குளிருமே என்று போர்வையைக் கொடுத்தான். அதுதான் கொடை. நாம் மலை போர்த்தியிருந்த பச்சைப் போர்வையையே உருவிட்டு அதுக்கு 'கொடை'க்கானல் என்று பெயர் வைத்திருக்கோம். ஊர்ப் பெயர் கோடையா கொடையா என்று ஒரு பழைய சண்டை உண்டு. சங்கப் பாட்டில் கோடை மலை வருகிறது, கடிய நெடுவேட்டுவன் அதன் தலைவன், எனவே கோடையே சரி என்பது என் கட்சி. கானல் என்றால் கானல் நீர் என்றும் ஒரு பொருள் இருக்கு. இப்படியே போனால் அந்தப் பொருள்தான் நிலைக்கும்.

'ஏரியே வெள்ளைக்காரன் வெட்டினது, இதுல என்ன பழமை?' என்று ஒருத்தர் கேட்பார். வாஸ்தவம். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை அணை போட்டு உண்டாக்கினது. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் வெயில் தாங்காம வந்து வீடு கட்டினபோது அங்கே ஏரி இல்லை. அப்போ மேலே போக ரோடும் கிடையாது. பெரியகுளம் பக்கம் அடிவாரம் வரை மாட்டு வண்டி, அங்கிருந்து துரையையும் துரைசானியையும் நாற்காலியில் வைத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். கூலிகாட் என்றே அந்தப் பாதைக்குப் பெயர். ஒரு நாளைக்கு எத்தனை பேர் மலையேறலாம் என்பதைத் தூக்குகிறவனின் தோள் தீர்மானித்தது. தோளுக்குப் பதிலா டீசல் வந்தாச்சு, நல்லதுதான், யாரும் திரும்பத் தூக்கச் சொல்லவில்லை. ஆனா தோளுக்கு வலிக்கும், வலிச்சா இறக்கி வெச்சிடும். டீசலுக்கு வலிக்காது. அதனால எங்கே நிறுத்தணும்னு நாமதான் சொல்லியாகணும். பழமைவாதின்னா எல்லாத்தையும் 1844-க்குக் கொண்டு போறவன்னு அர்த்தம் இல்லை. கைக்கு வந்ததைக் கெடுக்காம அடுத்த கைக்குக் கொடுக்கிறவன். ஏரி வெள்ளைக்காரன் வெட்டினதா இருந்தாலும் இப்போ அது நம்ம பாட்டன் சொத்துதான்.

எதிர்க்கட்சி வாதத்தில் எனக்கு உறுத்துவது ஒன்றே ஒன்று. அன்னிக்கு நெரிசலில் நின்னப்போ ரோட்டோரம் அவிச்ச சோளம் வித்துக்கிட்டிருந்த அம்மாகிட்ட பேச்சுக் கொடுத்தேன். "பாஸ் வந்ததுல யாவாரம் கொறஞ்சுபோச்சாம்மா?"

"கொறையாம? போன வருசம் இந்நேரம் ரெண்டு மூட்டை போகும் சார். இப்ப ஒண்ணுதான்."

"அப்ப பாஸ் வேண்டாங்கிறீங்களா?"

கொஞ்சம் யோசிச்சாங்க. "ஏன் சார், இப்ப நீங்க நிக்கிறதால தானே வாங்குறீங்க. வண்டி ஓடுனா நிப்பீங்களா?" என்று சிரிச்சாங்க. அப்புறம் அவங்களே, "வீட்டுக்கு எட்டு நாளைக்கு ஒருக்காத்தான் சார் தண்ணி வருது. லாட்ஜுக்கு தெனம் லாரி போகுது. எதைச் சொல்ல?" என்றார்கள்.

இதுக்கு என்கிட்ட சுலபமான பதில் இல்லை. கடன் வாங்கி நாலு ரூம் கட்டினவன், ஜீப் ஓட்டுறவன், குதிரைக்காரன், சோளக்கடை அம்மா எல்லாருக்கும் வரம்பு வலிக்கும். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? வரம்பு ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. அரசு பஸ்ஸுக்கு விலக்கு. பஸ்ஸில் ஐம்பது பேர் வந்தா அம்மாகிட்ட சோளம் வாங்க ஐம்பது வாய். காரில் நாலு பேர் வந்தா, ரெண்டு பேர் சிப்ஸ் பாக்கெட்டோட கண்ணாடியை ஏத்திக்கிட்டுத் தூங்குவான். பஸ் ஏறி வர்ற ஏழையை இந்த உத்தரவு தடுக்கலை. அது தடுக்கிறது என்னையும் என் நண்பர்களையும்தான், அதான் இவ்வளவு சத்தம்.

அதே சமயம் இப்போதிருக்கும் ஏற்பாடு பிரமாதம் என்றும் நான் சொல்லவில்லை. வரம்பு போட்டதோடு நின்றால் அது வெறும் வாசல் கேட். பழனியிலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் பஸ் கூட்டணும். அடிவாரத்தில் கார் நிறுத்த இடம் வேணும். முக்கியமா, ஒரு மாடி அதிகம் கட்டினவனுக்கு எந்தக் காலத்திலும் எந்தக் கட்சி ஆட்சியிலும் வரனும் கிடையாது முறையும் கிடையாது என்று எழுதிவைக்கணும். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வாங்கித்தான் போகணும், தினம் இத்தனை வண்டி என்று பல வருஷமா நடக்குது. ஒரு வலதுசாரியும் அங்கே போய் சுதந்திரப் போராட்டம் நடத்தலை. திரும்பி வந்து 'பேரிஜம் மாதிரி வருமா'ன்னுதான் சொல்றாங்க. ஏன் அப்படி இருக்குன்னு மட்டும் யோசிக்கிறதில்லை.

என் யோக்கியதையையும் சொல்லிடறேன், இல்லாட்டி யாராவது கேட்பீங்க. முப்பது வருஷமா அந்த மலைக்குப் போறேன். 'குணா' படம் பார்த்துட்டு, கம்பி வேலி போடாத காலத்தில் அந்தக் குகைப் பக்கம் போய்க் கத்திப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தன். 2024-ல் மஞ்சும்மல் பசங்க படம் வந்த பிறகு அங்கே கூடின கூட்டத்தைப் பார்த்து 'நாகரிகம் தெரியாத ஜனங்க' என்று சொன்னவனும் நானேதான். 2006-ல் குறிஞ்சி பூத்தப்போ கைநிறையப் பறிச்சுக்கிட்டு வந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள வாடவிட்டேன். 2018-ல் போனப்போ, 2006-ல் பார்த்த அதே சரிவில் வாட்டில் மரம்தான் நின்னுக்கிட்டிருந்தது. அங்கே பூவைத் தேடி அரை மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினேன். அடுத்தது 2030.

அன்னிக்கு ஊருக்குள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் அஞ்சரை. மேகம் இறங்கி ஏரியே தெரியலை. முன்சீட்டு நண்பர் ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்துட்டு, "சே, எவ்ளோ கூட்டம்யா, இதையெல்லாம் கட்டுப்படுத்த ஆளே இல்லையா?" என்றார்.

அவருக்குத்தான் இந்தப் பதிவு. யோவ், படிச்சிட்டு போன் பண்ணு. தைப்பூசத்துக்குப் பழனி போறேன், இந்தத் தடவை பஸ்ஸுதான். வர்றதா இருந்தா ஜன்னல் சீட்டு எனக்கு.